கேட்காத பரீட்சை – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஈரோடு பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சிவில் படித்து 2023-இல் முடித்தேன். சிஜிபிஏ 7.4. மூன்றாம் செமஸ்டரில் ஒரு அரியர் இருந்தது, அடுத்த முறையே எழுதி முடித்துவிட்டேன். இப்போது கோவையில் ஒரு ஸ்ட்ரக்சுரல் டிசைன் அலுவலகத்தில் வேலை. அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ மேலே படிக்க ஆசை. வீட்டில் இரண்டு வருஷம் டைம் கொடுத்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு வரன் பார்ப்பார்களாம்.

அதற்கான பொதுத் தேர்வான ஜிஆர்இ எழுத வேண்டுமா என்று காந்திபுரத்தில் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தேன். "இப்பல்லாம் ஜிஆர்இ யாரும் கேக்கறதில்ல மேடம், அது இல்லாமலே அட்மிஷன் வாங்கித் தர்றோம்" என்றார்கள். தேர்வுக் கட்டணமே இருபதாயிரத்துக்கு மேல். என் ஒரு மாதச் சம்பளம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். "கேக்காத பரீச்சைக்கு எதுக்குக் கண்ணு காசக் கொட்டறே?" என்கிறார் அப்பா.

இன்னொரு தயக்கமும் உண்டு. நீட் தேர்வை எதிர்த்து நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். ஒருநாள் பரீட்சையை வைத்து ஒருவரை அளக்கக்கூடாது என்று சொன்னவரிடமே போய் ஜிஆர்இ எழுதலாமா என்று கேட்பது சரியா தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பெயர் வெளியிட வேண்டாம்,
பெருந்துறை

அன்புள்ள பெருந்துறை வாசகிக்கு,

எழுதுங்கள். ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு பழைய கதை.

1990களின் கடைசியில் அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜனவரி மாலை, ஏதோ கையெழுத்து வாங்கப் பேராசிரியரின் அறைக்குப் போனேன். மேசை நிறைய விண்ணப்பக் கோப்புகள். அவர் ஒன்றை எடுத்துக் கல்லூரியின் பெயரை மட்டும் காட்டி, "இது உங்கள் ஊர்க் கல்லூரிதானே, எப்படி?" என்று கேட்டார். (இன்றைக்கு ஒரு மாணவனிடம் இப்படிக் காட்டமாட்டார்கள். அன்றைக்கும் காட்டியிருக்கக் கூடாதுதான்.) எங்கள் ஊரிலிருந்து அறுபது கிலோமீட்டரில் இருந்த கல்லூரி அது. நான் கேள்விப்பட்டதே இல்லை. அதைச் சொன்னேன்.

அடுத்து மதிப்பெண். 74 சதவீதம். "இது நல்ல மதிப்பெண்ணா?" என்றார். நம்மூரில் அது ஃபர்ஸ்ட் கிளாஸ், டிஸ்டிங்ஷனுக்கு மயிரிழையில் கீழே. அவர் ஊர்க் கணக்கில் 74 என்றால் 'சி' கிரேடு. அதையும் விளக்கினேன். பிறகு மூன்று சிபாரிசுக் கடிதங்கள். மூன்று பேராசிரியர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், ஆனால் மூன்றிலும் ஒரே எழுத்துரு, ஒரே வாக்கியங்கள். நம்மூரில் சிபாரிசுக் கடிதத்தை யார் டைப் செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதை மட்டும் நான் விளக்கவில்லை. கடைசியில் அவர் சற்று நின்று பார்த்தது ஜிஆர்இ மதிப்பெண் தாளைத்தான். அந்தப் பையனுக்கு இடம் கிடைத்ததா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

உங்கள் கோப்பும் ஏறக்குறைய அப்படித்தான் போய் உட்காரும். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகள் நானூறுக்கும் மேல். அவற்றில் எது உருப்படியான கல்லூரி, எது கட்டடம் மட்டும் என்பது நம் டீக்கடையில் தெரியும், டெக்சாஸில் தெரியாது. அதோடு நீங்கள் 2019-இல் சேர்ந்த செட். இரண்டாம் செமஸ்டர் தேர்வு கொரோனாவால் நடக்கவே இல்லை. இன்டர்னலையும் முந்தைய மதிப்பெண்ணையும் கூட்டிப் போட்டுக் கொடுத்தார்கள். அப்புறம் வீட்டிலிருந்தே எழுதிய ஆன்லைன் தேர்வுகள். அந்த மதிப்பெண்களுக்கு என்ன அர்த்தம் என்று நமக்கே குழப்பம். இந்த நிலையில் கல்லூரி, பல்கலைக்கழகம், கொரோனா எதுவும் கைவைக்காத ஒரு தாள் உங்கள் கோப்பில் இருப்பது நல்லது என்கிறேன். நான் சொல்லும் காரணம் முக்கியமாக இது ஒன்றுதான்.

இனி நீட். அதை நான் எதிர்த்ததில் மாற்றமில்லை. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வை ரத்து செய்து 2006-இல் சட்டம் வந்தபோது வரவேற்றவன் நான். ஏன் வரவேற்றேன்? பெருந்துறைப் பிள்ளையும் மயிலாப்பூர்ப் பிள்ளையும் ஒரே நாளில் ஒரே வினாத்தாளை வைத்துப் பிளஸ் டூ எழுதுகிறார்கள். பொது அளவுகோல் ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதன் மேல் இன்னொன்று எதற்கு என்பதுதான் வாதம். கடல் தாண்டினால் அந்தப் பொது அளவுகோல் கிடையாது. உங்கள் 7.4-ஐ ஷாங்காயின் 85-ஓடும் தெஹ்ரானின் 16-ஓடும் (அங்கே இருபதுக்குத்தான் மதிப்பெண்) எதை வைத்து ஒப்பிடுவார்கள்?

இரண்டு தேர்வுகளின் குணமும் வேறு. நீட் வருஷத்துக்கு ஒரு நாள். தகுதிக்கான குறைந்தபட்ச மதிப்பெண் இருந்தால் போதும், அதற்கு மேல் பன்னிரண்டு வருஷப் படிப்புக்கு அங்கே மதிப்பில்லை, வரும் ரேங்க்தான் எல்லாம். ஜிஆர்இயை 21 நாள் இடைவெளி விட்டு மறுபடி எழுதலாம், பன்னிரண்டு மாதங்களில் ஐந்து முறை வரை. எந்தத் தேதியின் மதிப்பெண்ணை அனுப்புவது என்பது உங்கள் இஷ்டம். சொதப்பிய முயற்சி பல்கலைக்கழகத்தின் கண்ணுக்கே போகாது. அப்படி அனுப்பினாலும் அது பல தாள்களில் ஒரு தாள். நீட் தீர்ப்பு சொல்கிறது, இது சாட்சி சொல்கிறது. சாட்சி சரியில்லை என்றால் கூண்டில் ஏற்றாமலே விட்டுவிடலாம்.

இந்தத் தேர்வு பிறந்த இடம் ஏழைகளின் குடிசை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1930களில் கார்னெகி அறக்கட்டளை ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகியவற்றோடு சேர்ந்து ஆரம்பித்த சோதனை இது. காசுள்ளவன் கோச்சிங் போவான், மூன்று முறை எழுதுவான். அந்த அநியாயம் இருக்கவே செய்கிறது. ஆனால் தேர்வை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? கல்லூரியின் பெயர், பேராசிரியரின் செல்வாக்கு, அழகாக எழுதப்பட்ட கட்டுரை. இவை காசுள்ளவனுக்கு இன்னும் சுலபம். எம்.ஐ.டி. கொரோனா காலத்தில் இளநிலைச் சேர்க்கைக்கு எஸ்ஏடி தேர்வைக் கைவிட்டது, 2022-இல் திரும்பக் கொண்டுவந்தது. வசதியற்ற பள்ளிகளிலிருந்து வரும் கெட்டிக்காரப் பிள்ளைகளை அந்த மதிப்பெண் இல்லாமல் அடையாளம் காண்பது கடினமாகிவிட்டது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அது வேறு தேர்வு, வேறு வயது. நியாயம் ஒன்றுதான்.

கன்சல்டன்சிக்காரர் முழுப்பொய் சொல்லவில்லை. உயிரியல் சார்ந்த பிஎச்டி பிரிவுகள் 2017-க்குப் பிறகு வரிசையாக ஜிஆர்இயைக் கைவிட்டன. ஆய்வில் யார் தேறுவார்கள் என்பதை அது சரியாகக் காட்டுவதில்லை என்று அவர்களுடைய ஆய்வுகளே சொல்லின. 2020-இல் இன்னும் பல துறைகள் கைவிட்டன. சில திரும்ப வந்தன, சில வரவில்லை. ஆகவே பல்கலைக்கழகத்தின் முகப்புப் பக்கத்தைப் பார்க்காதீர்கள், துறையின் சேர்க்கைப் பக்கத்தைப் பாருங்கள். 'கட்டாயம்' என்றால் பேச்சே இல்லை. 'அனுப்பினாலும் பார்க்கமாட்டோம்' என்று இருந்தால் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். இடையில் இருக்கும் 'விருப்பம்' என்ற சொல்லைத்தான் நம் பிள்ளைகள் தப்பாகப் படிக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் 'அன்பளிப்பு தவிர்க்கவும்' என்று போடுவது போல அதைக் கொஞ்சம் யோசித்துப் படிக்க வேண்டும். பெயர் தெரிந்த கல்லூரியில் 9.5 வாங்கியவருக்கு அது உண்மையாகவே விருப்பம். 7.4-உம் ஒரு அரியரும் வைத்திருக்கும் உங்களுக்கு அது வாய்ப்பு.

அப்புறம், அந்தக் கன்சல்டன்சி உங்களிடம் ஃபீஸ் வாங்குகிறதா என்று கேளுங்கள். வாங்கவில்லை என்றால் வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, ஆள் சேர்த்துவிடும் ஏஜென்டுகளுக்குக் கமிஷன் தருகின்றன. கமிஷன் தருகிற இடத்தின் பட்டியல்தான் உங்கள் கைக்கு வரும். அந்தப் பட்டியலில் ஜிஆர்இ தேவைப்படாதது தற்செயல் இல்லை. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரக வளாகத்தில் எஜுகேஷன் யுஎஸ்ஏ என்ற ஆலோசனை மையம் இருக்கிறது, அவர்களுக்குக் கமிஷன் கிடையாது. ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஜெர்மனி மட்டும்தான் என்று முடிவு செய்தால் என் பதில் கொஞ்சம் மாறும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சில முதுகலைப் பிரிவுகள் இந்தியப் பட்டதாரிகளிடம் ஜிஆர்இ மதிப்பெண்ணோ, 'கேட்' (GATE) என்ற நம் நாட்டுப் பொறியியல் தேர்வின் மதிப்பெண்ணோ கேட்கின்றன. நீங்கள் பார்க்கும் பிரிவும் அப்படிக் கேட்டால் கேட் எழுதலாம். பெண்களுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய் அளவில்தான், மூன்று வருஷம் செல்லும், இங்கே ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேரவும் பொதுத்துறை வேலைக்கும் உதவும். அப்பாவுக்கு இந்தக் கணக்கு பிடிக்கும். ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கேட் மதிப்பெண்ணைக் கண்டுகொள்வதில்லை.

'இரண்டு வருஷம் டைம்' என்றீர்களே, அதற்கும் இதில் பதில் இருக்கிறது. ஜிஆர்இ மதிப்பெண் ஐந்து வருஷம் செல்லும். விசா நிலவரம் இப்போது மாதத்துக்கு ஒரு மாதிரி இருக்கிறது. இந்த வருஷம் போக முடியாமல் போகலாம், வீட்டில் வேறு ஏதாவது வரலாம். மதிப்பெண் பெட்டியில் இருக்கட்டும். வரனாக வருகிறவரிடம் காட்டவும் ஆகும், விளையாட்டுக்குத்தான் சொல்கிறேன்.

தேர்வைப் பற்றிக் கொஞ்சம். 2023 செப்டம்பரிலிருந்து அதைச் சுருக்கிவிட்டார்கள். முன்பு மூன்றேமுக்கால் மணி நேரம், இப்போது இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு நிமிஷம் குறைவு. ஒரு கட்டுரை, ஆங்கிலப் பகுதி இரண்டு, கணக்குப் பகுதி இரண்டு. ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் 130 முதல் 170 வரை தனித்தனி மதிப்பெண். முதல் பகுதியை எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே இரண்டாம் பகுதி கடினமாகவோ சுலபமாகவோ வரும், ஆகவே 'போகப் போகப் பிக்கப் ஆகும்' என்ற நம் வழக்கம் அங்கே செல்லாது.

கணக்கில் கால்குலஸும் இல்லை, திரிகோணமிதியும் இல்லை. பத்தாம் வகுப்புத் தரம் என்று எஞ்சினியர்கள் அலட்சியமாகப் போய் அடிவாங்குவது அங்கேதான். ஓர் உதாரணம்: எக்ஸின் வர்க்கம் பெரிதா, கனம் பெரிதா? கனம் என்று உடனே கை போகும். எக்ஸ் இரண்டு என்றால் சரி. அரை என்றால் வர்க்கம்தான் பெரிது. ஒன்று என்றால் இரண்டும் சமம். மைனஸ் எண் என்றால் மறுபடி வர்க்கம். 'சொல்ல முடியாது' என்பதே விடை. பீமுக்கு லோடு கணக்குப் போடுகிற உங்களுக்கு இந்தச் சந்தேக புத்தி ஏற்கெனவே இருக்கும்.

ஆங்கிலத்துக்கு நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் பாரன்ஸ் என்ற ஜிஆர்இ பயிற்சிப் புத்தகம் ஒன்று வாங்கினேன். பின்னால் 3,500 சொற்களின் பட்டியல். எனக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் ஏ, பி வரை ஒவ்வொரு சொல்லுக்கும் அடிக்கோடு போட்டிருந்தார், சி-யில் பாதியோடு கோடுகள் நின்றுவிட்டன. நான் டி வரை போனேன். எதிர்ச்சொல் கேள்விகளை 2011-லேயே எடுத்துவிட்டார்கள். இப்போது வாக்கியத்துக்குள் சொல் எப்படி நடந்துகொள்கிறது என்றுதான் கேட்கிறார்கள். லோன் சாங்ஷன் ஆனால் சந்தோஷம், ஒரு நாட்டின் மேல் சாங்ஷன் போட்டால் அது தண்டனை. பட்டியலை உருப்போட்டால் இது பிடிபடாது. தினமும் அரைமணி நேரம் ஆங்கிலத்தில் கடினமான கட்டுரை ஒன்றைப் படியுங்கள், அறிவியலோ வரலாறோ. கோச்சிங் வேண்டாம். தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனமே இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. ஒன்றை இப்போதே எழுதி எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள், இன்னொன்றைக் கடைசி இரண்டு வாரத்துக்கு வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்று மாதம் போதும். அமெரிக்க விண்ணப்பங்களுக்குக் கெடு பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி. ஆகஸ்டில் எழுதினால் இன்னொரு முறை எழுதவும் நேரம் இருக்கும். தேர்வு நாளிலேயே நான்கு பல்கலைக்கழகங்களுக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பலாம், பிறகு ஒவ்வொன்றுக்கும் தனிக்காசு. அந்த நான்கு பெயரை முடிவு செய்யாமல் தேர்வறைக்குள் போகாதீர்கள். டோஃபல், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுகள் வேறு கதை, அதற்குத் தனியாகக் காசு எடுத்து வையுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. பதிவு செய்யும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேர்வறைக்குள் விடமாட்டார்கள், கட்டணமும் போகும். நம் இனிஷியல் வழக்கம் அவர்களுக்குப் புரிவதில்லை. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. விசாவில் என் ஒரே பெயரைச் சர்நேமாக்கி, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அடித்துவிட்டார்கள், முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. முதல் வாரம் ஒரு கவுண்டரில் 'மிஸ்டர் எஃப்னு' என்று மூன்று முறை கூப்பிட்டும், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். இன்று ராத்திரியே பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் உங்கள் முதல் செலவு தேர்வுக் கட்டணம் இல்லை, பாஸ்போர்ட் திருத்தக் கட்டணம்.