தாடை ஆபரேஷனுக்குப் பிறகு மரத்த உதடும், அடக்க முடியாத அழுகையும்

கேள்வி: எனக்கு வயது 24. கீழ்த்தாடை துருத்தியிருந்ததால் மேல், கீழ் இரண்டு தாடைகளிலும் ஆபரேஷன் செய்து 3 வாரம் ஆகிறது. கீழ் உதடும் முகவாயும் மரத்தே கிடக்கின்றன. வீக்கத்தில் என் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. எடை 5 கிலோ குறைந்துவிட்டது. காரணமில்லாமல் அழுகிறேன். "இருந்த முகமே நல்லாத்தானே இருந்துச்சு" என்று சொந்தக்காரர்கள் வேறு சொல்கிறார்கள். 10 ஊசி போட்டால் நரம்பு உயிர்பெறும், 40,000 ரூபாய் ஆகும் என்று ஒருவர் தினமும் போன் செய்கிறார். போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அந்த எண்ணை பிளாக் செய்யுங்கள்.

உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு, கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. எலும்பைப் பிளந்து நகர்த்தும்போது அது இழுபடும். அதனால்தான் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஆரம்பத்தில் மரத்துப் போகிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில், சிலருக்கு ஒரு வருடம் வரை எடுத்து, உணர்ச்சி மெதுவாகத் திரும்பும். ஊசிக்காரருக்கும் இது தெரியும். அதனால்தான் மூன்றாவது வாரத்தில் கூப்பிடுகிறார். தானாக வருவதற்குள் ஊசியைப் போட்டுவிட்டால் பெயரும் பணமும் அவருக்கு! உங்களுக்கு ஆபரேஷன் நடந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டீர்களா? நோயாளியின் போன் நம்பர் இப்படிக் கைமாறுவதை யாருமே கண்டுகொள்வதில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உணர்ச்சி திரும்பும்போது எறும்பு ஊர்வது போலவும் குறுகுறுவென்றும் இருக்கும்; அது நல்ல அறிகுறி. அதற்குப் பதிலாக, லேசாகத் தொட்டாலே ஷாக் அடிப்பது போல, தீயாய் எரிவது போல வலித்தால் காத்திருக்க வேண்டாம். மூன்று மாதமாகியும் குறுகுறுப்புகூட இல்லாமல் கட்டையாகவே இருந்தாலும் அப்படித்தான். ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போய், உணர்ச்சியைச் சோதித்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். "சரியாயிடும்மா" என்று வாயால் சொல்லி அனுப்பினால் கிளம்பாதீர்கள், எழுதச் சொல்லுங்கள். சிலருக்கு ஒரு சின்ன இடம் நிரந்தரமாக மரத்தே இருந்துவிடுவதும் உண்டு. உதடு அசைவதில் குறை இருக்காது, அதற்கான நரம்பு வேறு. இப்போதைக்கு கஞ்சியும் காபியும் நன்றாக ஆறிய பிறகே குடியுங்கள். சுட்டால்கூட உங்களுக்குத் தெரியாது.

அழுகைக்கு வருவோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் எலும்பில் பொருத்திய பிளேட், ஸ்க்ரூ எண்ணிக்கை எல்லாம் இருக்கும், மனசைப் பற்றி ஒரு வரி இருக்காது. முதல் சில வாரங்களில் மனம் சோர்ந்து போவது இந்த ஆபரேஷனில் சகஜம். வீக்கத்துக்குப் போட்ட ஸ்டீராய்டை நிறுத்தியிருப்பார்கள். அரை வயிற்றுச் சாப்பாடு, தலையை உயர்த்தி வைத்த அரைத் தூக்கம், கண்ணாடியில் புது முகம். யாராக இருந்தாலும் தளர்ந்துதான் போவார்கள். வீக்கத்தின் பெரும்பகுதி இன்னும் சில வாரங்களில் வடியும், முழுதாக வடிய 6 மாதத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் முகத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்ல உங்கள் சொந்தக்காரர்களுக்கும் உரிமையில்லை, உங்களுக்கும் இல்லை. ஆனால் எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் நினைப்பு ஒரு முறை வந்தாலும் உடனே வீட்டில் சொல்லிவிட்டு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள்; தமிழிலேயே பேசலாம்.

வெறும் ஜூஸில் எடை ஏறாது. பால், தயிர், பருப்பு, வேகவைத்த முட்டை, சத்துமாவு எல்லாம் மிக்ஸியில் அடித்து, ஒரு நாளைக்கு ஆறு முறை. எலும்பு ஒன்றுசேர ஏறத்தாழ 6 வாரமாகும். டாக்டர் சொல்லும்வரை முறுக்கும் சிக்கனும் வேண்டாம். மூக்கைச் சிந்தலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். வடிந்த வீக்கம் ஒரு பக்கம் மட்டும் திரும்ப ஏறினாலோ, காய்ச்சல், சீழ் வந்தாலோ, பல் கடிக்கும் விதம் திடீரென்று மாறினாலோ அன்றைக்கே போங்கள். மூச்சுத் திணறினால் நேரே எமர்ஜென்சிக்கு.

கடைசியாக, மேல், கீழ்ப் பற்களை இணைத்து மாட்டும் ரப்பர் பேண்ட். பல்லுக்குக் கிளிப் போடும் டாக்டர் ஒன்று சொல்வார், சர்ஜன் வேறு சொல்வார், இருவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள மாட்டார்கள். இருவர் சொன்னதையும் ஒரே தாளில் எழுதிக் காட்டி, எதைப் பின்பற்றுவது என்று சர்ஜனிடம் கையெழுத்து வாங்குங்கள். அதுவரை நீங்களாக எதையும் கழற்றவோ மாற்றவோ வேண்டாம்.