மோட்டார் ஸ்பெக் (வாங்கும்போது எழுதும் தேவை விவரம்): வாசகர் கேள்வி-பதில்

கே: "10 ஹெச்பி மோட்டார், உயர்ந்த தரம்" என்று டெண்டரில் போட்டால் போதாதா?

ப: "உயர்ந்த தரம்" டெஸ்ட் பெஞ்சில் அளக்கக்கூடியதா? 7.5 கிலோவாட் (அதுதான் 10 ஹெச்பி), 4 போல் (வேகத்தைக் குறிக்கும் காந்தத் துருவ எண்ணிக்கை), 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், எஸ்1 (தொடர்ந்து ஓடுவது), பி3 (காலில் நிற்கும் படுக்கை மோட்டார்), ஐபி55 (தூசி, நீர் பாதுகாப்பு), இந்தியத் தரநிலை ஐஎஸ் 12615 படி ஐஇ3 (எஃபிஷியன்சி வகுப்பு). ஒரே வரிதான், எழுதுங்கள். கூடவே என்ன லோடு என்பதையும்.

கே: கிளாஸ் எஃப் இன்சுலேஷன் (வைண்டிங் எவ்வளவு சூடு தாங்கும் என்ற வகுப்பு) கேட்டிருக்கிறோம். சரியா?

ப: பாதி சரி. "டெம்பரேச்சர் ரைஸ் கிளாஸ் பி அளவுக்குள்" என்று சேருங்கள். சுற்றுப்புறம் (ஆம்பியன்ட்) 40 டிகிரி என்றால், அதற்கு மேல் எஃப் 105 டிகிரி ஏறலாம், பி 80தான். அந்த 25 டிகிரிதான் வைண்டிங்கின் ஆயுள். பாய்லர் பக்கம் 50 டிகிரி என்றால் அதையும் எழுதுங்கள்.

கே: பம்புக்கு 11 கிலோவாட் தேவை. எதற்கும் இருக்கட்டும் என்று 22 கேட்டிருக்கிறோம். தவறா?

ப: தவறுதான். இது எப்படி நடக்கிறது தெரியுமா? பம்ப்காரர் 15 சதவீதம் சேர்ப்பார்: 12.65. அடுத்த சைஸ் 15. டிசைனர் ஒரு படி ஏற்றி 18.5. பர்ச்சேஸ் இன்னொரு படி ஏற்றி 22. முந்தையவர் சேர்த்தது அடுத்தவருக்குத் தெரியாது. பாதி லோடில் எஃபிஷியன்சி பெரிதாகக் குறையாது, அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்ற அளவு) 0.85லிருந்து 0.7 பக்கம் இறங்கும். கேபிள், கான்டாக்டர், ஸ்டார்ட்டர் எல்லாம் பெரிய சைஸாகும். இன்னொன்று: ஓவர்லோடு ரிலேயை (கரண்ட் மீறினால் மோட்டாரை நிறுத்துவது) நேம் பிளேட்படி 39 ஆம்பியரில் வைப்பார்கள், மோட்டார் இழுப்பதோ 23. பம்ப் இறுகி கரண்ட் 35 ஆனாலும் ரிலேக்கு அது சாதாரண லோடுதான். போவது ஷாஃப்ட் அல்லது கப்ளிங். பம்ப் ஷாஃப்டில் தேவையான கிலோவாட், சேர்த்த மார்ஜின், மோட்டார் ரேட்டிங் மூன்றையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். மார்ஜின் ஒரே முறை. சென்ட்ரிஃப்யூகல் பம்ப் என்றால் பம்ப் கர்வின் கடைசிப் புள்ளியில் (நீர் மிக அதிகமாகப் பாயும் இடம்) கிலோவாட் எவ்வளவு என்று பாருங்கள், யூகம் வேண்டாம்.

கே: விஎஃப்டிக்கு (ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தை மாற்றும் டிரைவ்) எந்த மோட்டார்?

ப: எத்தனை ஹெர்ட்ஸ் முதல் எத்தனை வரை? லோடு ஃபேனா, கன்வேயரா? எதையும் எழுதாமல் கேட்டால் எப்படி? கன்வேயரை முழு டார்க்கில் (சுழற்று விசை) 10 ஹெர்ட்ஸில் ஓட்டினால் மோட்டாரின் சொந்த ஃபேன் மெதுவாகச் சுற்றி, போதுமான காற்றுத் தராது. தனி சப்ளையில் ஃபோர்ஸ்டு கூலிங் ஃபேன் கேளுங்கள். 100 கிலோவாட்டுக்கு மேல் நான்-டிரைவ் என்டில் (லோடு இணையாத முனை) இன்சுலேட்டட் பேரிங்கும், ஷாஃப்ட் வழியே ஓடும் கரண்ட் பேரிங்கைக் கெடுக்காமல் இருக்க.

கே: வெட்டவெளியில் வி1 மோட்டார் (ஷாஃப்ட் கீழ்நோக்கி நிற்பது) வைத்தால்?

ப: மேலே மழை மூடி (கேனோபி) கட்டாயம்.

கே: பழைய நேம் பிளேட்டை அப்படியே காப்பி அடிக்கலாமா?

ப: கூடாது. அதில் மோட்டார்தான் இருக்கிறது, லோடு இல்லை. முதலில், பழைய மோட்டார் ஓடும்போது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்து பாருங்கள். ஃபிரேம் சைஸ் (132 என்றால் ஷாஃப்ட் உயரம் 132 மி.மீ.) ஒன்றானால் மோட்டார் பழைய இடத்தில் பொருந்திவிடும். ஆனால் டெர்மினல் பாக்ஸ் (கேபிள் இணைக்கும் பெட்டி) டிரைவ் என்டிலிருந்து பார்க்க வலமா இடமா என்பது நேம் பிளேட்டில் இருக்காது. பக்கம் மாறினால் பழைய கேபிள் அரை மீட்டர் குறைந்து எட்டாமல் போகலாம்.