அக்காவின் முன்னறையும் ஆறு கெமராவும்

கேள்வி: ஐயா, மட்டக்களப்பு கல்லடியில் வீட்டுப் படம் கீறும் சின்னக் கந்தோர் ஒன்று வைத்திருக்கிறேன். என்னோடு மூன்று பேர் வேலை செய்கிறார்கள். பாதி வேலை கட்டாரில் இருந்து வருகிறது. கந்தோர் இருப்பது அக்காவின் சீதன வீட்டு முன்னறையில். அவர் இதுவரை வாடகை கேட்டதில்லை. அதனால் கந்தோர் இன்டர்நெட்டை உள்வீட்டுக்கும் கொடுத்திருக்கிறேன். பழைய டெலிபோன் கேபிள் இணைப்புத்தான், மாதம் 100 ஜிபி, பில் 5,700 ரூபா. 18ஆம் திகதிக்குள் முடிந்துவிடும், பிறகு மேலதிக ஜிபி வாங்குவேன். போன ஆறு மாதத்தில் அதற்கு மட்டும் 41,000 ரூபா போயிருக்கிறது. 300 எம்பி ஃபைல் ஒன்று போக முக்கால் மணித்தியாலம் ஆகிறது. அவசரமென்றால் பென் டிரைவோடு பாலம் தாண்டி டவுனில் நண்பனின் கடைக்கு ஓடுகிறேன், பெற்றோலுக்கு மாதம் 3,000 ஆகிறது. ஃபைபருக்கு மாற இணைப்புக் கட்டணம் 22,000, பிறகு வரியோடு மாதம் 8,000 என்கிறார்கள். அத்தானின் தம்பி ரிவி, கெமரா கடை வைத்திருக்கிறார். ஃபைபர் இணைப்பு, வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் மெஷ் ரவுட்டர் மூன்று, ஆறு கெமரா, இன்வெர்ட்டர், உள்வீட்டுக்கு 55 அங்குல ரிவி எல்லாம் சேர்த்து 285,000 என்றும், கையில் காசு வேண்டாம், நிதி நிறுவனம் ஒன்றின் மூலம் 36 மாதம் 11,900 கட்டினால் போதும், வட்டி 17 வீதம்தான் என்றும் சொல்கிறார். முற்பணமாக 5,000 கொடுத்துவிட்டேன், ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. பக்கத்து வீட்டு முன்னறை போன மாதம் 12,000 வாடகைக்குப் போனது. அக்கா ஒரு சதமும் வாங்காததால் எனக்கு மறுக்க வாய் வரவில்லை. சேமிப்பில் 65,000 இருக்கிறது. மாறலாமா, தாங்குமா?

பதில்: தம்பி, ஃபைபருக்கு மாறுங்கள். போன வருடமே மாறியிருக்கலாம்.

உங்கள் ஃபைல் 300 எம்பி. இன்டர்நெட் வேகத்தைச் சொல்லும் அளவில் அது 2,400 மெகாபிட். பழைய செம்புக் கேபிளில் மேலே அனுப்பும் வேகம் ஒரு எம்பிபிஎஸ், அதாவது செக்கனுக்கு ஒரு மெகாபிட் அளவில்தான் இருக்கும். ஆக 2,400 செக்கன், அதாவது 40 நிமிடம். உங்கள் முக்கால் மணித்தியாலம் அங்கேதான் போகிறது. படம் பார்ப்பவர்களுக்காகக் கீழே இறக்கும் பாதையை அகலமாகவும், மேலே அனுப்பும் பாதையை ஒடுக்கமாகவும் வைத்த தொழில்நுட்பம் அது. உங்களைப்போல் அனுப்பிப் பிழைக்கிறவர்களுக்கு அது பொருந்தாது. ஃபைபரில் அனுப்பும் வேகம் 20 எம்பிபிஎஸ் கிடைத்தாலே அதே ஃபைல் இரண்டு நிமிடத்தில் போய்விடும். மாரியில் இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்குவது, கடல்காற்றில் செம்பு களிம்பு பிடிப்பது, ஐப்பசி இடி கம்பி வழியாக வந்து ரவுட்டரைக் கருக்குவது இதெல்லாம் கல்லடிக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஃபைபர் என்பது கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஓடாது, அந்த வழியால் இடி வராது. சுவரில் இருந்து கறண்ட் எடுக்கும் வயர் வழியாக வரலாம், ஆகவே இடிக்குப் பிளக்கைக் கழற்றும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

இன்டர்நெட் விஷயம் இவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறொன்று. அக்காவுக்குக் கொடுக்க வேண்டிய வாடகையை வாடகை என்று சொல்லாமல், இன்டர்நெட், மேலதிக ஜிபி, இப்போது கெமரா, ரிவி என்று வேறு பெயர்களில் கொடுத்து வருகிறீர்கள். பெயர் இல்லாத கடனுக்கு எல்லையும் இல்லை. அதுதான் ஆறு மாதத்துக்கு 41,000 ஆனது. அதுதான் இப்போது 285,000 ஆகப் பார்க்கிறது.

உங்கள் கந்தோர் எவ்வளவு டேட்டா தின்னும் என்று போட்டுப் பார்ப்போம். நாளைக்கு நாலு ஃபைல் என்றால் 1.2 ஜிபி, மாதம் 25 வேலை நாளைக்கு 30 ஜிபி. மின்னஞ்சல், வட்ஸ்அப், கொம்பியூட்டர்கள் தாமாக இறக்கும் அப்டேட் எல்லாவற்றுக்கும் தாராளமாக இன்னொரு 30 வையுங்கள். அறுபதில் முடிகிற வேலைக்கு 100 ஜிபி 18ஆம் திகதியே முடிகிறது என்றால் மிச்சம் எங்கே போகிறது என்று உங்களுக்கும் தெரியும். மாதம் சராசரி 6,800 ரூபா மேலதிக ஜிபி முழுக்க உள்வீட்டு ரிவிக்குப் போகிறது. அதைப் பிழை என்று நான் சொல்லவில்லை. நீங்கள் வாடகை கொடுக்காமல் இல்லை என்றுதான் சொல்கிறேன். கொடுக்கிறீர்கள், அக்காவின் கைக்கு மட்டும் அது போவதில்லை.

ஃபைபர் வந்தால் இது தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். வீடியோ காட்டும் செயலிகள் லைனின் வேகத்தைப் பார்த்துத் தரத்தைத் தாமே கூட்டிக்கொள்ளும். பழைய லைனில் மணித்தியாலத்துக்கு ஒரு ஜிபி எடுத்த படம், ஃபைபரில் எச்டி தரத்துக்கு ஏறி மூன்று ஜிபி வரை எடுக்கும். தினமும் மூன்று மணித்தியாலம் பார்க்கும் வீட்டுக்கு மாதம் 90 ஜிபி போன இடத்தில் 270 ஜிபி போகும். பில்லில்தான் வித்தியாசம் தெரியும்.

அப்புறம் கெமரா. காட்சியை இருபத்துநாலு மணித்தியாலமும் இணையத்தில் சேமிக்கிற வகைக் கெமரா ஒரு எம்பிபிஎஸ் அளவில் அனுப்பினால் மணிக்கு 450 எம்பி, நாளைக்கு 10.8 ஜிபி, மாதம் 324 ஜிபி. ஒன்றுக்கு. ஆறு கெமரா என்றால் 1,900க்கு மேல். அனுப்புவதையும் கணக்கில் சேர்க்கும் பெக்கேஜாக இருந்தால் உங்கள் ஜிபி முதல் கிழமையைத் தாண்டாது. வீட்டுக்குள்ளேயே ஹார்ட் டிஸ்க்கில் பதிகிற வகை என்றால் இந்தச் சிக்கல் இல்லை. எந்த வகை என்று அவரிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். அதைவிட, கந்தோரில் இருப்பது நாலு கொம்பியூட்டரும் ஒரு பிரிண்டரும். ஆறு கெமரா எதைக் காவல் காக்கப் போகிறது? ஒரே முன்னறைக்கு மூன்று மெஷ் ரவுட்டர் எதற்கு? இந்த மெஷ் ஒரு நோய்போலப் பரவியிருக்கிறது. கொம்பியூட்டர்களுக்கு ரவுட்டரில் இருந்து நேரே வயர் இழுத்தால் அதைவிட உறுதியான இணைப்பு கிடைக்கும், செலவு சில ஆயிரம்.

இப்போது அந்த 17 வீதம். 285,000இல் 17 வீதம் 48,450. மூன்று வருடத்துக்கு 145,000 சொச்சம். அதை முதலோடு கூட்டி 36ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட உங்கள் 11,900 வரும். அதாவது, பதினெட்டாவது மாதம் பாதிக் கடனைக் கட்டி முடித்த பிறகும் முழு 285,000க்குத்தான் வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் போட்டால் இந்தத் தவணை வருடத்துக்குக் கிட்டத்தட்ட 29 வீதத்துக்குச் சமம். மொத்தம் 428,400 கட்டுவீர்கள், அதில் 143,400 வட்டி. ஒப்பந்தம் உங்கள் பெயரில், ரிவி அக்கா வீட்டுச் சுவரில். மூன்று தவணை தவறினால் நிதி நிறுவனத்துக்காரர் தேடி வரப்போவது உங்கள் முன்னறைக்கு. அந்த ரிவியைக் கழற்றி விற்றுக் கட்ட உங்களால் முடியுமா, அத்தான் முன்னால்?

அத்தானின் தம்பி சொன்ன பொதியில் உங்கள் தொழிலுக்கு உண்மையில் தேவையானது மிகக் கொஞ்சம். இணைப்பு 22,000. கறண்ட் போனால் ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் மட்டும் கறண்ட் கொடுக்கும் சின்ன யுபிஎஸ், வயர் வேலை இரண்டுக்கும் சேர்த்து 18,000 வைத்துக்கொள்ளுங்கள். ஆக 40,000. சேமிப்பில் இருந்தே கொடுங்கள், கடன் வேண்டாம். யுபிஎஸ்ஸைத் தவிர்க்காதீர்கள். பழைய டெலிபோன் லைனுக்குக் கறண்ட் எக்ஸ்சேஞ்சில் இருந்தே வந்தது, வீட்டில் கறண்ட் போனாலும் போன் பேசியது. ஃபைபர் பெட்டி உங்கள் கறண்டில்தான் ஓடும். 2025 பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு தாவி நாடே இருண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். முழு வீட்டுக்குமான இன்வெர்ட்டர் வேண்டுமென்றால் வீட்டுக்காரர் வாங்கட்டும்.

செய்மதி இன்டர்நெட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்தக் கிழமை மட்டும் நாலு பேர் கேட்டார்கள். ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இங்கே வந்ததில் இருந்து கூரையில் தட்டு வைப்பது பெருமையாகிவிட்டது. லைன் எட்டாத படுவான்கரை உள்ஊருக்கோ, வயல்வாடிக்கோ அது நல்ல வழி. வாசலில் ஃபைபர் போகிற கல்லடிக்குத் தேவையில்லை.

சரி, அக்கா. நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும், தம்பி அங்கே கூச்சத்தோடு இருப்பான், அக்கா ஒன்றும் கேட்க மாட்டார். இந்தக் கூச்சத்தை எனக்கும் தெரியும். தொழில் தொடங்கிய காலத்தில் மச்சானின் கடை ஓரத்தில் மேசை போட்டு இரண்டு வருடம் இருந்தேன். வாடகைக்குப் பதில் அவருடைய போன் பில்லைக் கட்டினேன். பிறகு அவர் தம்பியின் போன் பில்லையும் கட்டினேன். ஒருநாள் கூட்டிப் பார்த்தபோது திருமலை வீதியில் தனியாக ஒரு அறையே எடுத்திருக்கலாம் என்று தெரிந்தது. மச்சானுக்கோ நான் சும்மா இருந்துவிட்டுப் போனேன் என்ற நினைப்பு இன்றைக்கும் இருக்கிறது.

பக்கத்து வீட்டு முன்னறை 12,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அதையே அக்காவுக்குக் கொடுங்கள். அத்தானிடமோ அவர் தம்பியிடமோ வேண்டாம், அக்காவிடம் நேரே, மாதம் முதலாம் திகதி, வாடகை என்று சொல்லி. வாங்க மாட்டேன் என்பார். பிள்ளைகளின் டியூஷன் காசைக் கட்டிவிடலாம் என்று மட்டும் யோசிக்காதீர்கள், அது பழைய வழிக்கே திரும்பும் பாதை. அவர் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். உள்வீட்டுக்கு இன்டர்நெட் வேண்டுமென்றால் அந்தக் காசில் தங்களுக்கு ஏற்ற பெக்கேஜ் ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். எவ்வளவு பார்ப்பது என்று அவர்களே முடிவெடுக்கட்டும்.

இதற்கு நல்ல சமயமும் இதுதான். புதிய ரவுட்டருக்குப் புதிய பெயர், புதிய பாஸ்வேர்ட். யாரிடமிருந்தும் எதையும் பறிக்க வேண்டியதில்லை. வாடகைப் பேச்சு முடிந்த பிறகு ஃபைபர்காரரைக் கூப்பிடுங்கள், முந்தி வேண்டாம். பழைய லைனை அன்றைக்கே வெட்டாதீர்கள், ஒரு மாதம் இரண்டும் இருக்கட்டும். கட்டார்க்காரரிடம் உங்கள் டெலிபோன் இலக்கம் இருந்தால் அதே இலக்கம் ஃபைபரிலும் தொடருமா என்று முதலே கேளுங்கள். அனுப்பும் வேகம் எவ்வளவு, இடையில் விட்டால் தண்டம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். சொன்ன விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெறுமதி சேர் வரி மட்டும் 2024 ஜனவரியில் இருந்து 18 வீதம்.

இப்போது நீங்கள் கொடுப்பது பில் 5,700, மேலதிக ஜிபி 6,800, பெற்றோல் 3,000, ஆக மாதம் 15,500. நான் சொல்கிறபடி செய்தால் ஃபைபர் 8,000, வாடகை 12,000, ஆக 20,000. மாதம் 4,500 கூடுதல்தான், மறைக்கவில்லை. அதற்குப் பதிலாக வாடகைக் கடன் தீர்கிறது, ஃபைலுக்காகக் காத்திருக்கும் நேரமும் பாலம் தாண்டி ஓடும் நேரமும் மிஞ்சுகிறது. அத்தானின் தம்பி சொல்கிறபடி செய்தால் ஃபைபர் 8,000, தவணை 11,900, பழையபடி மேலதிக ஜிபி 6,800, ஆக 26,700. அக்காவுக்கு அதிலும் ஒரு சதம் போகாது. ஜிபி செலவு அதே அளவில் நின்றால்தான் இந்தக் கணக்கு, நிற்காது என்று மேலே காட்டிவிட்டேன்.

வரிக் கணக்கையும் இதோடு நேர்ப்படுத்துங்கள். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவையில் வரும் வருமானத்துக்கு 2025 ஏப்ரலில் இருந்து வரி உண்டு, உச்ச வீதம் 15. தனிநபருக்கு வருடம் 18 லட்சம் வரை விலக்கு இருப்பதால் உங்களுக்கு இப்போது பெரிதாக வராமல் இருக்கலாம். வரும் நாளில், எழுதிக் கொடுத்த வாடகை கந்தோர்ச் செலவாக நிற்கும். உள்வீட்டு ரிவிக்குக் கட்டிய தவணை நிற்காது.

அந்த முற்பணம் 5,000 பற்றி. யுபிஎஸ்ஸையும் வயரையும் அவர் கடையிலேயே காசு கொடுத்து வாங்குங்கள், முற்பணத்தை அதில் கழிக்கச் சொல்லுங்கள். அவருக்கும் வியாபாரம், உறவும் கெடாது. கழிக்க மாட்டேன் என்றால் வாதாட வேண்டாம், விட்டுவிட்டு வாருங்கள். ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள்.