பதில்: பேச்சுப்போட்டியில் கண் மருத்துவரையும் பஞ்சத்தையும் எப்படி இணைப்பது?

வணக்கம். உங்கள் மகளின் தலைப்பில் கண் மருத்துவருக்கும் பஞ்சத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருந்தீர்கள். நெருங்கிய தொடர்பு. பஞ்சத்தில் சத்துள்ள உணவோடு வைட்டமின் ஏ-வும் கிடைக்காமல் போகும். அது இல்லாவிட்டால் முதலில் மாலைக்கண் வரும், அப்புறம் கண் வறளும், கடைசியில் கருவிழியே உருகிப் பார்வை போய்விடும். குழந்தைகளுக்கு இது உயிருக்கே ஆபத்து.

டென்மார்க்கை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் உலகப்போர் சமயத்தில் அந்த நாட்டு வெண்ணெய் நல்ல விலைக்கு வெளிநாடு போனது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஆடை நீக்கிய பாலும், வெண்ணெய்க்குப் பதிலாகப் பூசிக்கொள்ளும் மலிவான கொழுப்பான மார்கரினும்தான். வைட்டமின் ஏ பாலின் கொழுப்பில்தான் இருக்கிறது, அது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கண் கெட்டு வந்த அந்தக் குழந்தைகளின் கணக்கை ஒலாஃப் பிளெக்வாட் என்ற கண் மருத்துவர் ஆண்டுவாரியாகத் திரட்டினார். குழந்தை மருத்துவர் கார்ல் பிளாக் மீன் ஈரல் எண்ணெயும் முழுப் பாலும் கொடுத்துக் குணப்படுத்தினார்.

1917-இல் ஜெர்மன் நீர்மூழ்கிகளால் ஏற்றுமதி முடங்கியது. ஆண்டு இறுதியில் வெண்ணெய் ரேஷனுக்கு வந்தது, ஆளுக்கு வாரம் 250 கிராம், ஏழைகளுக்கும் கட்டுப்படியாகும் விலையில். 1918-இல் நோய் ஏறக்குறைய மறைந்தே போனது! போர் முடிந்து ஏற்றுமதி தொடங்கியதும் மறுபடி தலைகாட்டியது. பேச்சை இந்த ரேஷன் வெண்ணெயிலிருந்தே தொடங்கலாம், கேட்பவர்களை உடனே பிடித்துக்கொள்ளும்.