குஞ்சு புதுசா, பழசா? காதுக்கல் சொல்லுமா?

கேள்வி: சார், ஊத்துக்கோட்டை பக்கம் அரை ஏக்கர் குட்டையில் 5,000 கட்லா, ரோகு குஞ்சு விட்டேன். ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்தவை, இரண்டு மாதக் குஞ்சு என்றார்கள். ஆறு மாதமாகியும் 150 கிராம் தாண்டவில்லை. வளராமல் தேங்கிய பழைய குஞ்சைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று சந்தேகம். காதெலும்பைப் பார்த்து வயது சொல்லலாமாமே?

பதில்: சொல்லலாம், ஆனால் வீட்டில் முடியாது. பழவேற்காட்டுக் கத்தாழை மீன் தலையில் வெள்ளையாக ஒரு கல் இருக்குமே, அதுதான் காதுக்கல். மீனுக்குப் பக்கத்துக்கு மூன்று உண்டு. கத்தாழையில் பெரிதாக இருக்கிற அந்தக் கல் கெண்டை இனத்தில் ஊசி போல மெலிந்திருக்கும், எடுக்கும்போதே ஒடியும், அதனால் மற்ற இரண்டில் ஒன்றைத்தான் பார்ப்பார்கள்.

கல்லில் வருடத்துக்கு ஒன்றாக விழும் வளையம் உங்களுக்கு உதவாது. குளிர் நாட்டு மீனில் அது தெளிவாக விழும், நம் ஊர் வெயிலில் குழப்பும், அதுவும் போக நீங்கள் கேட்பது மாதக் கணக்கு. தினமும் ஒரு மெல்லிய சுண்ணாம்புப் படலம் கல்லில் சேர்கிறது (1971-ல் பன்னெல்லா என்பவர் இதை எழுதினார்), கல்லை மெலிதாகத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் அதை எண்ணி, உங்கள் குட்டையில் இருந்த 180 நாளைக் கழித்தால் வாங்கிய அன்றைய வயது தெரியும். வளராமல் கிடந்த காலத்து வளையங்கள் நெருங்கிப்போய் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும், ஆகவே 60 வர வேண்டிய இடத்தில் 150 வந்தால் சந்தேகமே வேண்டாம், பழைய குஞ்சுதான். பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். பத்துப் பதினைந்து மீனை ஐஸில் வைத்துக் கொண்டுபோங்கள், ஃபார்மலினில் போட்டால் கல் அரித்துப்போகும்.

சரி, பழைய குஞ்சு என்றே வரட்டும். ஆந்திராவில் வேண்டுமென்றே நெருக்கி வைத்துத் தேக்கிய குஞ்சைத்தான் பல பண்ணைக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள், இடமும் தீனியும் கிடைத்ததும் அது விட்டதைப் பிடிக்கிற மாதிரி வேகமாக வளரும். உங்களுடையது வளராததற்கு எனக்குத் தெரிகிற காரணம் அந்த 5,000 தான். ஏக்கருக்கே சுமார் 4,000 என்பது வழக்கம், நீங்கள் அரை ஏக்கரில் அதைவிட அதிகம் விட்டிருக்கிறீர்கள்! வலை போட்டு எத்தனை உயிரோடு இருக்கிறது என்று மதிப்பிடுங்கள், 2,000 போக மிச்சத்தை விற்றுவிடுங்கள், இல்லையென்றால் வேறு குட்டைக்கு மாற்றுங்கள். அப்புறம் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவில் கலந்து, மீனின் மொத்த எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு தினமும் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து எடை பார்த்துவிட்டு, கல்லூரிக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு பண்ணுங்கள்.