ஃபிளட்டரில் பாட்டம் நேவிகேஷன் பார்: கேள்வி-பதில்

ஃபிளட்டர் என்பது ஆப் உருவாக்கும் கூகுளின் கருவித்தொகுப்பு. பாட்டம் நேவிகேஷன் பார் என்பது திரையின் அடியில் டேப்கள் வரிசையாக இருக்கும் பட்டை.

மூன்று டேப் இருந்தவரை சரியாகத் தெரிந்தது. நான்காவதைச் சேர்த்ததும் பார் முழுக்க வெள்ளையாகிவிட்டது, ஐகான் எதையும் காணோம். ஏன்?

ஐகான்கள் அங்கேதான் இருக்கின்றன, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை நிறத்தில். பாட்டம்நேவிகேஷன்பார் விட்ஜெட்டில் (விட்ஜெட் என்பது திரையின் ஒரு கட்டுமானப் பகுதி) டைப் எது என்று நீங்கள் சொல்லாவிட்டால், மூன்று ஐட்டம் வரை ஃபிக்ஸ்ட் என்று எடுத்துக்கொள்ளும். நான்கு ஆனதும் தானாக ஷிஃப்டிங்குக்குப் போய்விடும். ஷிஃப்டிங்கில் பாரின் நிறம், தேர்ந்தெடுத்த ஐட்டத்தின் பேக்கிரவுண்ட் கலரிலிருந்து வர வேண்டும். அதை நீங்கள் கொடுத்திருக்க மாட்டீர்கள். டைப்பை ஃபிக்ஸ்ட் என்று எழுதிவிடுங்கள், போதும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கூகுளின் வடிவமைப்பு முறையான மெட்டீரியல் 3-இன் நேவிகேஷன்பார் விட்ஜெட்டையே எடுத்துக்கொள்வது நல்லது. அதில் இந்தச் சிக்கலே கிடையாது. இயல்பான உயரம் 80 லாஜிக்கல் பிக்சல், பழையதில் 56.

தட்டினால் டேப் எண் மாறுவது பிரிண்ட்டில் தெரிகிறது. ஆனால் பாரில் முதல் டேப்தான் எப்போதும் ஒளிர்கிறது.

அந்த எண்ணை வைத்திருக்கும் வேரியபிளை, திரையைக் கட்டும் பில்ட் மெத்தடுக்குள் அறிவித்திருப்பீர்கள். செட்ஸ்டேட் (திரையைப் புதுப்பிக்கச் சொல்லும் அழைப்பு) நடக்கும்போதெல்லாம் பில்ட் மறுபடி ஓடும், வேரியபிள் மறுபடி பூஜ்யமாகும். அதை ஸ்டேட் கிளாஸின் ஃபீல்டாக, பில்ட்டுக்கு வெளியே நகர்த்துங்கள். கரண்ட்இண்டெக்ஸுக்கு அதைக் கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

டேப் மாற்றித் திரும்பினால் ஸ்க்ரோல் செய்த இடமும், பாதி நிரப்பிய படிவமும் போய்விடுகின்றன. இண்டெக்ஸ்டுஸ்டேக் போட்டேன், இப்போது ஆப் திறக்கவே நேரமாகிறது.

பாடியில் பக்கங்களின் பட்டியலிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டினால், மற்றது விட்ஜெட் மரத்திலிருந்தே நீக்கப்படும். அதன் ஸ்டேட்டும் (நினைவில் வைத்த நிலை) அதோடு போகும். இண்டெக்ஸ்டுஸ்டேக் எல்லாப் பக்கங்களையும் உயிரோடு வைத்து ஒன்றை மட்டும் திரையில் வரைகிறது. அதற்கான விலைதான் நீங்கள் பார்க்கும் தாமதம்: ஆப் திறந்தவுடன் எல்லா டேப்பின் இனிட்ஸ்டேட்டும் (தொடக்க வேலை) ஓடுகிறது, சர்வரிடம் தகவல் கேட்கும் எல்லா ஏபிஐ அழைப்பும் ஒரே நேரத்தில் கிளம்புகிறது.

ஒருமுறையாவது திறந்த டேப் எண்களை ஒரு செட்டில் சேர்த்து வையுங்கள். செட்டில் எண் இருந்தால் உண்மையான பக்கம், இல்லாவிட்டால் வெறும் சைஸ்டுபாக்ஸ் (காலிப் பெட்டி). முதலில் முகப்பு மட்டும் கட்டப்படும். மற்றவை தட்டும்போது உருவாகி, அதன் பிறகு அப்படியே இருக்கும். ஸ்க்ரோல் இடம் மட்டும் போதும் என்றால் லிஸ்ட்வியூவுக்கு ஒரு பேஜ்ஸ்டோரேஜ்கீ கொடுத்தாலும், பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

ஒரு டேப்புக்குள்ளிருந்து விவரப் பக்கத்துக்குப் போனால் பார் மறைந்துவிடுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் பாரைத் திரும்ப எழுதலாமா?

வேண்டாம். அப்படி எழுதினால் பக்கம் மாறும்போதெல்லாம் பாரும் சேர்ந்து நகரும், ஸ்டேட்டும் சிதறும். உங்கள் புஷ் (புதுப் பக்கத்தைத் திறக்கும் அழைப்பு) மூல நேவிகேட்டரில், அதாவது ஆப் முழுமைக்குமான பக்க அடுக்கில், போய் உட்கார்கிறது. பார் உள்ள ஸ்கஃபோல்டு (பக்கத்தின் சட்டகம்) அதற்கு அடியில் மூடிக்கிடக்கிறது. ஒவ்வொரு டேப்புக்கும் தனி நேவிகேட்டர் தேவை.

கையால் எழுதலாம்தான். ஆனால் பக்கங்களுக்கு வழி அமைக்கும் கோ_ரவுட்டர் பேக்கேஜில் ஸ்டேட்ஃபுல்ஷெல்ரவுட்.இண்டெக்ஸ்டுஸ்டேக் இதை ஒழுங்காகச் செய்கிறது, டேப்பைத் திறக்கும்போதுதான் அதைக் கட்டவும் செய்கிறது. டேப் மாற்ற கோபிராஞ்ச் அழைக்க வேண்டும். அதில் இனிஷியல்லொகேஷன் என்பதற்கு, தட்டிய எண்ணும் நடப்பு எண்ணும் சமமா என்ற ஒப்பீட்டைக் கொடுங்கள். நிற்கும் டேப்பையே மறுபடி தட்டினால் அதன் முதல் பக்கத்துக்கு வந்துவிடும். பயனர்கள் இதை எதிர்பார்க்கிறார்கள், விட்டுவிடாதீர்கள். பணம் செலுத்துவது, முழுத்திரை வீடியோ போன்ற பார் வேண்டாத பக்கங்களுக்குப் பேரன்ட்நேவிகேட்டர்கீயாக மூல கீயைக் கொடுங்கள்.

மூன்றாவது டேப்பில் பேக் அழுத்தினால் ஆப்பே மூடிக்கொள்கிறது.

பேக் அழுத்துவதைக் கையாளும் பாப்ஸ்கோப் விட்ஜெட்டால் பக்கத்தைச் சுற்றி, கேன்பாப் என்பதற்கு ‘டேப் எண் பூஜ்யமா’ என்ற நிபந்தனையைக் கொடுங்கள். ஆன்பாப்இன்வோக்டுவித்ரிசல்ட்டில் டிட்பாப் (பக்கம் ஏற்கெனவே மூடிவிட்டதா) உண்மையென்றால் அப்படியே திரும்பிவிடுங்கள். இல்லையென்றால் எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். பழைய வில்பாப்ஸ்கோப்பை இனி தொட வேண்டாம், ஆண்ட்ராய்டின் பிரிடிக்டிவ் பேக் (பேக் போனால் எங்கே போகும் என்று முன்கூட்டியே காட்டும் வசதி) அதனோடு ஒத்துவராது.

கண்டெய்னரில் சொந்தமாகச் செய்த பார். சில போன்களில் ஐகான்கள் சிஸ்டம் பட்டன்களுக்கு அடியில் போய்விடுகின்றன.

டார்கெட் எஸ்டிகே (ஆப் குறிவைக்கும் ஆண்ட்ராய்டு பதிப்பின் எண்) 35 ஆனதும், ஆண்ட்ராய்டு 15-இல் ஆப் திரையின் விளிம்பு வரை வரையப்படும். ஃபிளட்டரின் சொந்த பார்கள் கீழ் இடைவெளியைத் தாமே சேர்த்துக்கொள்ளும். உங்கள் கண்டெய்னர் சேர்க்காது. சிஸ்டம் பகுதிகளுக்கு இடம்விடும் சேஃப்ஏரியாவைக் கண்டெய்னருக்கு உள்ளே வையுங்கள், டாப் ஃபால்ஸ் என்று. வெளியே வைத்தால் பாருக்குக் கீழே வேறு நிறத்தில் ஒரு பட்டை தெரியும்.

முக்கியமாக, உயரத்தைக் கண்டெய்னருக்குக் கொடுக்காதீர்கள். 60 என்று கொடுத்தால், மூன்று பட்டன் உள்ள போனில் சிஸ்டமே 48 எடுத்துக்கொள்ளும். உங்கள் ஐகானுக்கு மிஞ்சுவது 12. உள்ளே இருக்கும் ரோவைச் சைஸ்டுபாக்ஸில் வைத்து, உயரத்தை அதற்குக் கொடுங்கள்.

தமிழ் லேபிள்கள் நெருக்கியடிக்கின்றன. எழுத்தைச் சிறிதாக்கலாமா?

12-க்குக் கீழே போகாதீர்கள். புள்ளியும் கொம்பும் கலங்கிவிடும். 360 அகலத் திரையில் ஐந்து டேப் என்றால் ஒன்றுக்கு 72தான். ‘அறிவிப்புகள்’ என்பதை ‘அறிவிப்பு’ என்றும், ‘சுயவிவரம்’ என்பதை ‘கணக்கு’ என்றும் சுருக்குங்கள். டெக்ஸ்ட்ஸ்டைலில் ஹைட் 1.0 என்று இறுக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். ‘கி’யின் மேல்வளைவும் ‘பு’வின் அடிப்பகுதியும் வெட்டுப்படுவது பெரும்பாலும் அதனால்தான். பிறகு போனின் செட்டிங்ஸில் எழுத்தளவைப் பெரிதாக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் இடித்தால், ஐந்தாவது டேப்பை ‘கணக்கு’ பக்கத்துக்குள் கொண்டுபோய்விடுங்கள்.