ராக் டம்ப்ளர் நின்றுவிட்டதா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கல்லை உருட்டி மெருகேற்றும் ராக் டம்ப்ளர் மெஷினுக்கு ஓய்வே கிடையாது. கரடுமுரடான கல், கரட்டு அரைப்பில் தொடங்கி மெருகில் முடியும் நான்கு கட்டங்களைத் தாண்டிப் பளபளப்பாக வெளியே வர ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். அத்தனை நாளும் இரவு பகலாக ஓடுகிற மெஷினில் ஏதாவது ஒன்று தேய்வதும் நிற்பதும் இயல்புதான். வந்த கேள்விகளில் பல "மோட்டார் போயிடுச்சு" என்றே தொடங்குகின்றன. மோட்டாரைக் குறை சொல்லும் முன் கற்கள் உருளும் டிரம்மைப் பாருங்கள், அப்புறம் அதைத் தாங்கிச் சுற்றும் உருளைகள், அதன் பின் பெல்ட். இந்த வரிசையில் போனால் பெரும்பாலான பழுதுகள் மோட்டாரை எட்டுவதற்கு முன்பே பிடிபட்டுவிடும்.

கேள்வி: அக்கா, ராத்திரி வரை நன்றாக ஓடியது. காலையில் பார்த்தால் மோட்டார் சத்தம் கேட்கிறது, டிரம் சுற்றவில்லை. புது மோட்டார் வாங்க வேண்டுமா?

வேண்டாம், பொறுங்கள். சத்தம் கேட்கிறது என்றால் மோட்டார் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரம்மைத் தூக்கி வெளியே வையுங்கள். இப்போது வெறும் மெஷினை ஓடவிட்டுப் பாருங்கள். டிரம்மைத் தாங்கும் இரண்டு உருளைத் தண்டுகளில் மோட்டாரோடு இணைந்த தண்டு சுற்றுகிறதா?

சுற்றவில்லை என்றால் பெல்ட் அறுந்திருக்கும், அல்லது கப்பியைத் தண்டோடு பிடித்திருக்கும் சின்ன திருகு தளர்ந்து கப்பி மட்டும் வெறுமனே சுழலும். திருகுதான் என்றால் ஒரு நிமிட வேலை. தண்டில் தட்டையாகச் சீவிய பக்கம் இருந்தால் அதன் மேல் திருகு உட்காரும்படி வைத்து இறுக்குங்கள்.

தண்டு சுற்றுகிறது, டிரம்மை வைத்ததும் நின்றுவிடுகிறது என்றால் இரண்டே காரணங்கள்: வழுக்கல் அல்லது பாரம். உருளைகளிலும் டிரம்மின் வெளிப்புறத்திலும் ஈரமோ எண்ணெயோ கல்தூள் கலந்த சேறோ இருந்தால் பிடிப்பு போய்விடும். ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள்.

பாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். 3 பவுண்டு மெஷின் என்றால் அது தாங்கும் பாரம் சுமார் 1.36 கிலோ. அது கல்லின் எடை மட்டும் இல்லை. கல், தண்ணீர், கல்லை அரைக்கும் கிரிட் பொடி எல்லாம் சேர்த்த எடை. சில தயாரிப்பாளர்கள் டிரம்மின் எடையையும் இதிலேயே சேர்த்துக் கணக்கிடுகிறார்கள், அதனால் கையேட்டை ஒருமுறை வாசித்துவிடுங்கள். டிரம்மில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை கல் போடலாம் என்பது அளவுக்கான விதி. ஆனால் குவார்ட்ஸ் வகைக் கல்லின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.65 கிராம், இரும்புத் தாதுக் கல்லான ஹெமடைட்டின் அடர்த்தியோ 5.3 அளவில். அதே இடத்தை ஹெமடைட்டால் நிரப்பினால் கல்லின் எடை இரட்டிப்பாகிவிடும். கண்ணுக்கு அளவு சரியாகத் தெரியும், மெஷினால் தாங்க முடியாது. தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள், அதுதான் நம்பகமானது.

கேள்வி: பெல்ட் அடிக்கடி அறுந்துபோகிறது. தரமான பெல்ட்டே கிடைப்பதில்லையா?

பெல்ட்டைத் திட்டுவதற்கு முன் அது ஏன் அறுகிறது என்று பாருங்கள். மோட்டார் கப்பியும் தண்டின் கப்பியும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஒன்று சற்று உள்ளே தள்ளியிருந்தாலும் பெல்ட்டின் ஒரு ஓரம் உராய்ந்து நூல் நூலாகப் பிரியும். தண்டு தாங்கிகளுக்கு (பேரிங்குகளுக்கு) விட்ட எண்ணெய் வழிந்து பெல்ட்டில் பட்டாலும் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். தாங்கி வறண்டு தண்டு இறுகியிருந்தால் பெல்ட்தான் அந்தச் சுமையைத் தாங்கும். பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தண்டை விரலால் சுற்றுங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். தடுக்கித் தடுக்கிச் சுற்றினால் குற்றம் அங்கேதான்.

வழுக்குகிறதே என்று பெல்ட்டை முறுக்கி இழுத்துக் கட்டுவதும் தவறு. அது மோட்டாரின் தாங்கிகளைப் பக்கவாட்டில் இழுத்துத் தேய்த்துவிடும். வழுக்காமல் இழுக்கும் அளவுக்கு இறுக்கம் போதும். சில சிறிய மெஷின்களில் இருப்பது வட்டமான ரப்பர் வளையம்தான். அதே சுற்றளவும் அதே தடிமனும் உள்ள ஓ-ரிங் அங்கே நன்றாகவே வேலை செய்யும்.

கேள்வி: மோட்டார் மேல் கை வைக்கவே முடியவில்லை, அவ்வளவு சூடு. சில சமயம் தானாக நின்று, அரை மணி நேரம் கழித்துத் தானாக ஓடுகிறது.

தானாக நின்று தானாக ஓடுகிறது என்றால் உள்ளே இருக்கும் வெப்பப் பாதுகாப்பு வேலை செய்கிறது. அது உங்களுக்கு விடுக்கும் எச்சரிக்கை, அப்படியே தொடர்ந்து ஓட்டாதீர்கள். இந்தச் சிறிய மோட்டார்கள் இயல்பாகவே சூடாகத்தான் ஓடும். சில நொடிகள் கை வைத்திருக்க முடிந்தால் கவலை இல்லை. தொட்டதும் கையை இழுக்க வைக்கும் சூடும், கருகல் வாடையும் வந்தால் உடனே நிறுத்துங்கள்.

பாரம், வறண்ட தாங்கி, அதிக இறுக்கமான பெல்ட் மூன்றையும் பாருங்கள். அப்புறம் காற்று. சத்தம் கேட்கக் கூடாது என்று மெஷினை மூடிய பெட்டிக்குள் வைத்து ஓட்டுகிறீர்களா? பலர் செய்கிறார்கள். சத்தத்தோடு காற்றும் அடைபட்டுவிடும். பெட்டி வேண்டுமானால் காற்று உள்ளே வரவும் வெளியே போகவும் பெரிய திறப்புகள் வையுங்கள்.

கேள்வி: உறவினர் வெளிநாட்டிலிருந்து 120 வோல்ட் மெஷின் கொண்டுவந்து தந்தார். மாற்றி வைத்து ஓட்டுகிறேன். மெதுவாகச் சுற்றுகிறது, சூடும் அதிகம். மாற்றி பழுதா?

மாற்றி தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டும் மாற்றும். மின்சாரத்தின் அலைவெண்ணை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டாரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் வேகம் சுமார் ஆறில் ஒரு பங்கு குறையும். அதே வோல்ட்டில் அலைவெண் குறையும்போது மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். சூட்டுக்குக் காரணம் அதுதான்.

மோட்டார் கப்பியைக் கொஞ்சம் பெரிதாக்கி வேகத்தைக் கூட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். வேகம் கூடும், ஆனால் ஏற்கெனவே சூடாகும் மோட்டாருக்கு இன்னும் சுமை ஏறும். உங்கள் வீட்டு மின்சாரத்துக்குப் பொருந்தும் மோட்டாரையே மாற்றிவிடுங்கள். சட்டமும் டிரம்மும் அப்படியே இருக்கட்டும். புது மோட்டாரின் சுற்று வேகம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். டிரம் அதிவேகமாகச் சுற்றினால் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சில்லு தெறிக்கும்.

கேள்வி: மூடியின் ஓரத்தில் கசிகிறது. எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை.

இறுக்குவதை நிறுத்துங்கள். ரப்பர் டிரம்மில் நட்டை அளவுக்கு மீறித் திருகினால் மூடி நடுவில் வளைந்து ஓரத்தில் வாய் திறக்கும். எவ்வளவு இறுக்குகிறீர்களோ அவ்வளவு கசியும்.

கசிவுக்கு முதல் காரணம், விளிம்பில் ஒட்டியிருக்கும் ஒன்றிரண்டு கிரிட் துகள்கள். ஒவ்வொரு முறை மூடும் முன்பும் டிரம்மின் வாயையும் மூடியின் உதட்டையும் ஈரத் துணியால் துடைத்து, விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. அதன் பிறகும் கசிந்தால் விளிம்பில் வெட்டோ பள்ளமோ இருக்கிறதா என்று பாருங்கள். சிலிகான் கிரீஸை மெல்லியதாகத் தடவலாம். பெட்ரோலியம் சார்ந்த எதையும் ரப்பரில் தடவாதீர்கள், நாளடைவில் அது ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்.

கசிவைச் சின்ன விஷயம் என்று யாரும் விட்டுவிட வேண்டாம் என்று மிகவும் வலியுறுத்துகிறேன். மேலே நாம் பேசிய பழுதுகளில் பல இங்கேதான் பிறக்கின்றன. சேறு உருளையில் வழிந்தால் டிரம் வழுக்கும். பெல்ட்டில் பட்டால் பெல்ட் வழுக்கும். தண்டு தாங்கிக்குள் போனால், கல்லையே அரைக்கும் கிரிட்டான சிலிக்கான் கார்பைடு அந்தத் தாங்கியைச் சும்மா விடுமா? டிரம்முக்குள் தண்ணீர் குறைந்து சேறு கெட்டியானால் கற்களும் உருளாது. ஒரு கசிவுக்குப் பின் மூடியை மட்டும் சரிசெய்யாமல் முழு மெஷினையும் துடைத்துவிடுங்கள், ஈரத் துணியால்தான். காய்ந்த சேற்றைத் தட்டி உதிர்த்தால் அந்தக் கல்தூசு காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போகும்.

கேள்வி: நடு ராத்திரி டமால் என்று சத்தம். மூடி பிதுங்கித் திறந்து, சுற்றிலும் சேறு. குழந்தைகள் பயந்துவிட்டார்கள். இது ஆபத்தா?

உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. முதல் கட்டமான கரட்டு அரைப்பில் இது அதிகம் நடக்கும். கல்லை வினிகரில் ஊறவைத்துவிட்டுச் சரியாக அலசாமல் போட்டீர்களா? சுண்ணாம்பு கலந்த கல்லும் அமிலமும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும். அலுமினியம் போன்ற உலோகத் துண்டு தவறி உள்ளே விழுந்திருந்தால் ஹைட்ரஜன் வரலாம். அது எரியும் வாயு, அதனால் நெருப்புக்கு அருகில் டிரம்மைத் திறக்க வேண்டாம்.

புதிதாக ஒரு தொகுதி போட்டால் முதல் சில நாள் தினமும் ஒருமுறை மெஷினை நிறுத்தி, மூடியை மெதுவாகத் திறந்து வாயுவை வெளியேற்றி மூடுங்கள். திறக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள். அரைத் தேக்கரண்டி சமையல் சோடா சேர்ப்பது பலருக்குக் கை கொடுக்கிறது. மூடி உப்பியிருப்பது தெரிந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் அப்போதே திறந்துவிடுங்கள். கீழே எப்போதும் ஒரு தட்டு இருக்கட்டும். மெஷின் ஈரமான இடத்தில் இருந்தால் மின்கசிவுத் துண்டிப்பான் உள்ள இணைப்பில் மட்டும் செருகுங்கள்.

கேள்வி: மூன்றாம் கட்டத்தில் இருக்கும்போது மெஷின் நின்றுவிட்டது. உதிரி பாகம் வர இரண்டு வாரம் ஆகும். கற்கள் அவ்வளவுதானா?

கற்களுக்கு ஒன்றும் ஆகாது. சேற்றுக்குத்தான் ஆபத்து. அசையாமல் கிடந்தால் அது அடியில் படிந்து சிமென்ட்போல் இறுகிவிடும். அதனால் இன்றே டிரம்மைத் திறந்து, கற்களை ஒரு வாளியில் கொட்டி நன்றாக அலசி, சுத்தமான தண்ணீரில் போட்டு வையுங்கள். டிரம்மையும் கழுவிவிடுங்கள். மெஷின் சரியானதும் அதே கட்டத்தைப் புதுப் பொடியோடு ஓட்டுங்கள். மீதி எத்தனை நாள் என்று கணக்குப் பார்க்க வேண்டாம், முழுதாகவே ஓட்டிவிடுங்கள். ஒரு கட்டம் கூடுதலாக ஓடுவதால் கல் கெடாது, குறைவாக ஓடினால்தான் மெருகு ஏறாது.

அலசிய சேற்றை எக்காரணம் கொண்டும் வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றாதீர்கள். டிரம்மில் இறுகுவதுபோலவே குழாய்க்குள்ளும் இறுகும். வாளியில் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மண்ணில் ஊற்றி, அடியில் படிந்ததைக் குப்பையில் போடுங்கள்.

கேள்வி: கீச் கீச் என்று சத்தம். துரு நீக்கும் ஸ்பிரே அடிக்கலாமா?

அந்த ஸ்பிரே சத்தத்தைச் சில மணி நேரம் அடக்கும், அப்புறம் முன்னைவிட வறண்டுவிடும். தண்டு தாங்கியில் மெல்லிய மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். வழிவதை உடனே துடைத்துவிடுங்கள். எண்ணெய் விட்டும் சத்தம் நிற்கவில்லை, தண்டு தாங்கிக்குள் ஆடுகிறது என்றால் தாங்கி தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

கேள்வி: டிரம் ஒரு பக்கமாகவே நகர்ந்துபோய்ச் சட்டத்தில் உரசுகிறது.

மெஷின் சமமான தரையில் இருக்கிறதா என்று நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். சமமாக இருந்தும் நகர்ந்தால் இரண்டு தண்டுகளும் இணையாக இருக்காது, அல்லது ஒரு பக்கத் தாங்கி மட்டும் தேய்ந்திருக்கும்.

கேள்வி: மேடம், மோட்டார் உறுமுகிறது, சுற்றவே இல்லை. விரலால் தள்ளிவிட்டால் ஓடுகிறது.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். உறுமிக்கொண்டே நிற்கும் மோட்டார் சீக்கிரம் கருகிவிடும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டார் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் அதன் தாங்கிகளைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் பெரும்பாலும் உயிர் வரும். தாராளமாகச் சுற்றுகிறது, தள்ளிவிட்டால்தான் ஓடுகிறது என்றால், பெரிய மெஷின்களில் மோட்டார் கிளம்ப உதவும் கெபாசிட்டர் போயிருக்க வாய்ப்பு அதிகம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கம் இல்லை என்றால் மோட்டார் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். சிறிய மோட்டார்கள் பலவற்றில் கெபாசிட்டரே கிடையாது; அவற்றில் சுருள் போயிருந்தால் மோட்டாரை மாற்றுவதுதான் வழி.

கேள்வி: என்னுடையது அதிரும் வகை மெஷின். சத்தம் வருகிறது, கற்கள் நகரவில்லை.

அதிரும் வகையில் நிலவரம் வேறு. கிண்ணத்தில் சேறு கெட்டியாகிக் கற்களைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளியுங்கள், கற்கள் மெதுவாகப் புரளத் தொடங்கும். நிறைய ஊற்றினால் பொடி அடியில் தங்கிவிடும். தண்ணீர் சரியாக இருந்தும் நகரவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடியில் பாருங்கள்: மோட்டார் தண்டில் உள்ள எடைக்கட்டியின் திருகு, கிண்ணத்தைப் பிடிக்கும் நட்டு, ஸ்பிரிங்குகள். ஓயாமல் அதிர்கிற மெஷினில் திருகுகள் தளரத்தான் செய்யும். ஒவ்வொரு தொகுதிக்கும் முன் ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள்.

கேள்வி: ரப்பர் டிரம்மில் உள்ளே தேய்ந்து ஒரு இடத்தில் மெல்லியதாகிவிட்டது. டயர் பஞ்சர் ஒட்டு போடலாமா?

உள்ளே ஒட்டினால் கிரிட் அதை உரித்துவிடும், வெளியே ஒட்டினால் டிரம் உருளையில் துள்ளும். புது டிரம் வாங்குங்கள். அதுவரை மெல்லியதான டிரம்மைக் கரட்டு அரைப்புக்குப் பயன்படுத்த வேண்டாம். மெருகுக் கட்டத்தை அதில் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்று தோன்றும், ஆனால் தேய்ந்த ரப்பரில் பழைய கரட்டுத் துகள்கள் புதைந்திருக்கும். ஒரு துகள் வெளியே வந்தாலும் மெருகில் கீறல் விழும்.

கேள்வி: கடைசியாக ஒன்று. என்ன உதிரி பாகங்களைக் கையில் வைத்திருக்கலாம்?

இரண்டு பெல்ட், ஒரு ஜோடி தண்டு தாங்கி, மூடிக்கான ரப்பர் வளையம், கப்பித் திருகுக்கான சாவி, மெஷின் எண்ணெய். வாங்கும் முன் உங்கள் மெஷினின் மாடல் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரே பெயரில் வரும் மாடல்களுக்குக்கூட பெல்ட் அளவு மாறும். மோட்டாரை முன்கூட்டியே வாங்கி வைக்கத் தேவையில்லை. மெஷினை நாட்கணக்கில் நிறுத்தி வைக்கும்போது ரப்பர் டிரம்மை உருளைகள் மேலேயே விட்டுவிடாமல் எடுத்துத் தனியாக நிமிர்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் பாரம் பட்ட இடம் பள்ளமாகி, மறுபடி ஓட்டும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் திடும் திடும் என்று துள்ளும்.